சுவிட்ச் அணைந்திருந்தது, ஃபிரிட்ஜில் மின்சாரம் இருந்தது

ஃபிரிட்ஜுக்குள் எரியும் சிறு விளக்கை மாற்றப் பத்து நிமிடம் போதும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். பழைய பல்பைத் திருகியபோது கண்ணாடிக் குமிழ் மட்டும் கையோடு வந்துவிட்டது. அதன் உலோக அடிப்பாகம் ஹோல்டருக்குள்ளேயே தங்கிவிட்டது. குளிர்நிலைத் திருகை முன்பே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். சுவரிலிருந்த சுவிட்சையும் அணைத்திருந்தேன். இரண்டையும் செய்தாகிவிட்டது என்ற தைரியத்தில் மூக்குக் குறடை உள்ளே விட்டு அந்த உலோகத்தைப் பிடித்தேன். இடது கை ஃபிரிட்ஜின் பக்கவாட்டுத் தகட்டில் இருந்தது. வலது ஆள்காட்டி விரல் குறட்டின் உறையைத் தாண்டி இரும்பில் பட்டிருக்க வேண்டும். முழங்கை வரை வெட்டி இழுத்தது. குறடு எங்கோ போய் விழுந்தது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறும் மின்சாரம் நெஞ்சைக் கடந்துதான் போகிறது. தகட்டின் மேலிருந்த வண்ணப்பூச்சும் உலர்ந்த தோலும் அன்று என்னைக் காப்பாற்றின என்றுதான் நினைக்கிறேன். அணைத்துவைத்த ஒரு பெட்டி எப்படி அடித்தது என்று தெரியாமல் அதை மறுபடி தொடக்கூடாது என்று முடிவு செய்தேன். விளக்கு மாற்றும் வேலை இரண்டு நாள் வேலையாக நீண்டது அதனால்தான்.

முதலில் திருகு. பழைய வகை ஃபிரிட்ஜ்களில் அது ஒரு தெர்மோஸ்டாட். பூஜ்யத்தில் வைத்தால் கம்ப்ரஸருக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் துண்டிக்கும். உள்விளக்குக்குத் தனி வழி உண்டு; அது கதவு சுவிட்ச் வழியாகப் போகிறது. பூஜ்யத்தில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து பாருங்கள், பல்பு நன்றாக இருந்தால் எரியும். அதாவது கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நான் குறடை நீட்டிய அந்த நேரத்தில்தான் கதவு சுவிட்ச் ஹோல்டருக்கு மின்சாரத்தை அனுப்பத் தயாராக இருந்தது. பொத்தான்களும் எண்திரையும் உள்ள புதிய வகைகளிலும் இதே நிலைதான். அணைக்கும் பொத்தானை அழுத்தினால் குளிர்விப்பது நிற்கும். உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை மின்சாரத்தோடு விழித்தே இருக்கும். விழித்திருந்தால்தானே மறுபடி பொத்தானை அழுத்தும்போது அதற்குத் தெரியும்.

திருகின் கதை இவ்வளவுதான். அன்று என்னை அடித்ததற்குக் காரணம் சுவரில் இருந்தது.

சாக்கெட் ஃபிரிட்ஜுக்கு நேர் பின்னால், இடுப்பளவு உயரத்தில் இருந்தது. பக்கவாட்டு இடுக்கில் கையை நுழைத்தால் சுவிட்சை மட்டும் எட்டலாம், பிளக்கை எட்ட முடியாது. இத்தனை ஆண்டுகளாக நான் ஃபிரிட்ஜை அணைத்ததெல்லாம் அந்த இடுக்கின் வழியாகத்தான். பெட்டியை முன்னால் இழுத்தால்தான் பிளக்கைப் பார்க்கவே முடியும். பிளக் செருகியிருக்கும்போது இழுத்தால் கம்பி சக்கரத்துக்கு அடியில் சிக்கி நசுங்கலாம், இல்லையென்றால் சாக்கெட்டே சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரலாம். ஆகவே மின் பலகையில் அந்தச் சுற்றைத் துண்டிக்கும் சுவிட்சான எம்சிபியை முதலில் இறக்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

எந்த எம்சிபி? பலகையில் ‘சமையலறை’ என்று எழுதி ஒட்டியிருந்ததை இறக்கினேன். எழுத்தை நம்பும் மனநிலையில் நான் இல்லை. ஃபிரிட்ஜின் விளக்கோ பழுது. அதனால் அந்தச் சாக்கெட்டுக்கு அருகில், அதே பெட்டியில் இருந்த இன்னொரு துளைத்தொகுதியில் ஒரு மேசை விளக்கைச் செருகி, அதன் பக்கத்தில் மகளை நிறுத்தினேன். நான் பலகையில் ஒவ்வொன்றாக இறக்க, அவள் அங்கிருந்து குரல் கொடுத்தாள். ‘எரிகிறது அப்பா’ என்ற பதில்தான் ‘சமையலறை’க்கும் வந்தது. வேறொரு அறையின் பெயர் எழுதியிருந்த நான்காவதை இறக்கியபோதுதான் விளக்கு அணைந்தது. யாரோ எப்போதோ சுற்றுகளை மாற்றி இணைத்துவிட்டு, ஒட்டிய தாளை மாற்றாமல் போயிருக்கிறார்கள். அன்றே புதுத் தாள் ஒட்டினேன். உங்கள் வீட்டுப் பலகையில் எழுதியிருப்பதை ஒரு முறையாவது இப்படி விளக்கு வைத்துச் சோதித்துவிடுங்கள். அவசரத்தில் இருட்டில் தேடும்போது அந்தத் தாள்தான் கைகொடுக்க வேண்டும்.

எம்சிபியை இறக்கிவிட்டு, ரப்பர் அடிச் செருப்பு அணிந்து, கைகளைத் துடைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜை ஒரு முழம் முன்னால் நகர்த்தினேன். பிளக்கின் உடலைப் பிடித்து நேராக இழுத்தேன். கம்பியைப் பிடித்து இழுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படி இழுத்தால் உள்ளே திருகாணியில் பிடித்திருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக நழுவும், முதலில் நழுவுவது, கசியும் மின்சாரத்தைப் பூமிக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பியாகவும் இருக்கலாம். அது நழுவியிருப்பது வெளியே தெரியாது, ஃபிரிட்ஜும் வழக்கம்போல் ஓடும், ஆனால் உடல்தகட்டுக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டிருக்கும்.

வெளியே வந்த பிளக்கைப் பார்த்ததும் இன்னொரு சங்கதி தெரிந்தது. ஒரு முள்ளின் அடியில் பிளாஸ்டிக் பழுப்பாகி, லேசாக உருகியிருந்தது. சாக்கெட்டுக்குள் முள்ளைக் கவ்வும் பித்தளை நாக்கு தளர்ந்துபோனால் இப்படி ஆகும். தளர்ந்த இடத்தில் மின்சாரம் பாய்வதற்கான தடை கூடுகிறது, தடை கூடிய இடம் சூடாகிறது, சூட்டில் நாக்கு இன்னும் தளர்கிறது. ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும், அதுவும் ஒரு நாளில் எத்தனையோ முறை. வீட்டில் இரவு பகலாகச் செருகியே கிடக்கும் பிளக்குகளில் இது ஒன்று. பெரும்பாலும் யார் கண்ணுக்கும் படாத பிளக்கும் இதுதான். ஆண்டுக்கு ஒரு முறையாவது வெளியே எடுத்துப் பாருங்கள்.

இனி அளவீடு. பிளக் வெளியே இருக்க, எம்சிபியை மறுபடி ஏற்றி, மல்டிமீட்டரை மாறுமின்னழுத்த (ஏசி வோல்ட்) அளவில் வைத்துச் சாக்கெட்டைச் சோதித்தேன். வீட்டு மின் இணைப்பை அளக்கத் தகுந்தது என்று குறிக்கப்பட்ட கருவி, விரல் நழுவாமல் தடுக்கும் விளிம்புள்ள முனைகள், இரண்டும் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்; மின்பணியாளரைக் கூப்பிடலாம். சுவிட்ச் போட்டிருந்தபோது ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலுக்கும் (அது திரும்பிப் போகும் கம்பி) இடையே 231 வோல்ட், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 1-க்கும் குறைவு. எல்லாம் சரி. சுவிட்சை அணைத்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வெறும் சில வோல்ட். இதோடு நிறுத்தியிருந்தால் சாக்கெட் செத்துவிட்டது என்று சத்தியம் செய்திருப்பேன். முனையை எர்த்துக்கு மாற்றினேன். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அதே 230 வோல்ட் அசையாமல் நின்றது.

சுவிட்சை நியூட்ரல் கம்பியில் இணைத்திருக்கிறார்கள். அதன் விளைவு என்னவென்று கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பிழை தன்னை வெளிக்காட்டிக்கொள்ளாது. ஃபேஸில் அறுத்தாலும் நியூட்ரலில் அறுத்தாலும் சுற்று உடைகிறது, விளக்கு அணைகிறது, கம்ப்ரஸர் நிற்கிறது. பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் நியூட்ரலில் அறுத்தால் ஃபேஸ் கம்பி ஃபிரிட்ஜின் உள்ளே வரைக்கும் வந்து காத்திருக்கிறது. அதோடு முடியவில்லை. உள்ளே ஏதேனும் ஒரு சுமை, ஒரு சிறு ஹீட்டரோ மோட்டாரோ, இணைப்பில் இருந்தால் அதன் வழியாகக் கடந்து, நியூட்ரல் என்று நாம் நினைக்கும் கம்பியும் ஃபேஸின் அழுத்தத்துக்கு உயர்ந்துவிடுகிறது. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் பூமிக்குப் போகும் வழியொன்றைத் தேடி நிற்கிறது. அன்று மாலை குறடோடு நான்தான் அந்த வழியாக இருந்தேன்.

ஒற்றைக் கம்பியை மட்டும் அறுக்கும் எந்தச் சுவிட்சுக்கும் இது பொருந்தும். சரியாக இணைத்திருந்தால் அது போதும். சரியாக இணைத்திருக்கிறதா என்பது சுவிட்சின் முகத்தில் எழுதியிருக்காது. பிளக்கை வெளியே எடுத்துக் கண்ணெதிரே வைத்துவிட்டால், சுவருக்குள் யார் எப்படி இணைத்திருந்தாலும் கவலை இல்லை. ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் பெட்டியை விட்டுப் போய்விடுகின்றன. ஃபிரிட்ஜுக்குள் கையோ கருவியோ நுழையப்போகிறது என்றால் நான் இனி இது ஒன்றைத்தான் ‘அணைத்தல்’ என்று ஏற்பேன்.

பலர் வீட்டில் நியான் விளக்கு உள்ள டெஸ்டர் இருக்கும். அதை நம்பி உள்ளே கைவைக்க எனக்கு மனமில்லை. பக்கத்துக் கம்பியிலிருந்து தூண்டப்படும் மின்னழுத்தத்துக்கும் அது மினுங்கும். நல்ல வெளிச்சத்திலோ, நாம் தடித்த ரப்பர் மீது நிற்கும்போதோ உண்மையான ஃபேஸிலும் எரிவது தெரியாமல் போகலாம். எந்தக் கருவியானாலும் மூன்று படி வேண்டும்: மின்சாரம் இருப்பது உறுதியான இடத்தில் வைத்துக் கருவி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும், பிறகு சோதிக்க வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும், மறுபடி முதல் இடத்துக்கே போய் இடையில் கருவி பழுதாகவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். இந்த மூன்றாவது படியைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறோம்.

சுவருக்குள் இருக்கும் இணைப்பை நான் திறக்கவில்லை. அடுத்த நாள் வந்த மின்பணியாளர் தட்டைக் கழற்றியதும் காட்டினார்: சுவிட்சின் இரு முனைகளிலும் நியூட்ரல் கம்பிதான் ஏறியிருந்தது. மாற்றி இணைத்தார், உருகிய சாக்கெட்டையும் பிளக்கையும் புதிதாக்கினார். பலகையில் ஆர்சிசிபி இல்லை என்பதையும் அவர்தான் கவனித்தார். 30 மில்லி ஆம்பியர் அளவில் பூமிக்குக் கசிவு ஏற்பட்டாலே சுற்றை அறுக்கும் கருவி அது. மின்னதிர்ச்சியே வராமல் தடுக்காது. ஆனால் அந்த அதிர்ச்சி நொடியின் ஒரு பகுதிக்குள் முடிந்துவிடும். வைக்கச் சொல்லிவிட்டேன். வீடு முழுவதற்கும் ஒன்றே ஒன்று வைத்தால், ஆள் இல்லாத நாளில் வேறெங்கோ ஏற்படும் கசிவால் ஃபிரிட்ஜும் அணைந்து உள்ளிருப்பதெல்லாம் கெட்டுப்போகும் என்று அவர் எச்சரித்தார். ஃபிரிட்ஜின் சுற்றுக்குத் தனியாக ஒன்று ஒதுக்கினோம்.

இதற்கிடையில் விளக்கு வேலை. பிளக்கை எடுத்து, யாரும் மறந்து செருகிவிடாதபடி அதை ஒரு துணிப்பையில் சுற்றி ஃபிரிட்ஜின் பின்புறக் கம்பியில் கட்டிவிட்டேன். உடனே கைவைக்கவில்லை. கம்ப்ரஸரும் அதிலிருந்து புறப்படும் குழாயும் சுடும் அளவு சூடாக இருக்கும். சில வகைகளில் கம்ப்ரஸரோடு இணைந்த கெபாசிட்டர் பிளக்கை எடுத்த பிறகும் மின்னூட்டத்தை வைத்திருக்கும். கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் இன்வெர்ட்டர் வகை ஃபிரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகையில் இது இன்னும் கடுமை. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றினால் சுமார் 325 வோல்ட் ஆகிறது; அது பெரிய கெபாசிட்டர்களில் தேங்கி நிற்கிறது. அந்தப் பலகையின் மூடியைத் திறப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. நான் தொட்டது விளக்கு ஹோல்டரை மட்டுமே. பத்து நிமிடம் கழித்து அதே மூக்குக் குறடால் பிடித்துத் திருகினேன். இரண்டு சுற்றில் உலோக அடிப்பாகம் வெளியே வந்தது. ஹோல்டரின் அருகே அதிகபட்ச வாட் அளவு அச்சிட்டிருந்தது. அதைத் தாண்டாத புது பல்பைப் போட்டேன்.

சாக்கெட் வேலை முடியும்வரை ஃபிரிட்ஜை நிறுத்திவைத்ததால் உள்ளிருந்த உணவைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருந்தது. கதவைத் திறக்காமல் வைத்தால் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரம் பாதுகாப்பான குளிரைத் தாங்கும். உறைபெட்டி நிரம்பியிருந்தால் சுமார் 48 மணி நேரம், பாதி நிரம்பியிருந்தால் 24 மணி நேரம். அடைத்து வைத்த உறைந்த பொருள்கள் ஒன்றுக்கொன்று பனிக்கட்டியாக உதவுகின்றன. எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கு குறையும். எனக்கு ஓர் இரவும் அரை நாளும் தேவைப்பட்டதால், விரைவில் கெடக்கூடியவற்றை வேறு குளிர்பெட்டிக்கு மாற்றிவிட்டு, ஒரு வெப்பமானியை உள்ளே வைத்தேன். 4 டிகிரி செல்சியஸைத் தாண்டி 2 மணி நேரத்துக்கு மேல் இருந்த இறைச்சி, பால், சமைத்த உணவு எதையும் வாசனை பார்த்து முடிவு செய்யக்கூடாது. நோய் தரும் கிருமிகள் பலவற்றுக்கு வாசனையே கிடையாது.

காலியாக இருக்கிறதே என்று உறைபெட்டியின் பனியையும் கரைய விட்டேன். தானாகக் கரையட்டும் என்று கதவைத் திறந்துவைத்து, கீழே துண்டு விரித்தேன். பனியைக் கத்தியால் குத்திப் பெயர்ப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன், வேண்டாம். பனிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் மெல்லிய அலுமினியக் குழாய். அதற்குள் ஓடும் குளிரூட்டும் வாயு இன்று பல ஃபிரிட்ஜ்களில் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். எளிதில் தீப்பற்றும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோரத்தில் தங்கும். ஒரு வீட்டு ஃபிரிட்ஜில் இருப்பது சில பத்து கிராம்தான் என்றாலும் மூடிய சிறு அறையில் அதற்கு ஒரு பொறி போதும். உங்கள் ஃபிரிட்ஜில் என்ன வாயு என்பது கம்ப்ரஸர் மீதோ உட்சுவரிலோ உள்ள விவரத் தகட்டில் இருக்கும்.

மேலே நான் சொன்ன முறைக்கு விலக்கு இங்கேதான் வருகிறது. சீறும் ஓசையோடு வாயு கசிவதாகச் சந்தேகம் வந்தால் பிளக்கைத் தொடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாலும், சுவிட்சைத் தட்டினாலும் அந்த இடத்தில் ஒரு சிறு பொறி பிறக்கும். ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியேற்றுங்கள், அடுப்பு எரிந்தால் அணையுங்கள். மின் பலகை வேறு அறையிலோ வெளியிலோ இருந்தால் அங்கே போய் இணைப்பைத் துண்டியுங்கள். ஃபிரிட்ஜின் பின்னாலிருந்து புகை வந்தாலும், தரையில் தண்ணீர் தேங்கிப் பிளக் நனைந்திருந்தாலும் அப்படித்தான்: கையைப் பின்னால் நீட்டாமல், உலர்ந்த இடத்தில் நின்று பலகையில் துண்டிக்க வேண்டும். பலகைக்குப் போகும் வழியே தண்ணீரில் இருந்தால் அருகில் போகாமல் மின்வழங்கல் அலுவலகத்தை அழைப்பதுதான் வழி.

எல்லாம் முடிந்து மறுபடி செருகும் நேரம் வந்தது. ஒரு நாள் முழுக்க நின்றிருந்ததால் எனக்குக் காத்திருக்கத் தேவை இருக்கவில்லை. ஆனால் சற்றுமுன் அணைத்த ஃபிரிட்ஜை உடனே போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடும் கம்ப்ரஸர் ஒரு பக்கம் அதிக அழுத்தத்தையும் மறு பக்கம் குறைந்த அழுத்தத்தையும் உண்டாக்கி வைத்திருக்கும். இரண்டும் நுண்குழாய் ஒன்றின் வழியாக மெதுவாகச் சமமாக வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் போட்டால் கம்ப்ரஸரால் அழுத்தத்தை எதிர்த்துச் சுழல முடியாது. முனகிவிட்டு ‘டக்’ என்ற ஓசையோடு பாதுகாப்பு ரிலே அதை நிறுத்தும், ஆறியதும் மறுபடி முயலும். இப்படி அடிக்கடி நடந்தால் சுருள் எரிந்துபோகும். 5 நிமிடம் என்ற கணக்கை மறக்காதீர்கள். மின்தடை வந்து வந்து போகும் நேரத்திலும் சுவிட்சை அணைத்துவிட்டு, மின்சாரம் நிலைத்த பிறகு போடுங்கள். நேரத் தாமதம் உள்ள ஸ்டெபிலைசர் இருந்தால் அது இந்த வேலையைத் தானே செய்துவிடும். ஃபிரிட்ஜைப் படுக்கவைத்து எடுத்துச் சென்றிருந்தால் மட்டும் சில நிமிடம் போதாது. கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும், நிமிர்த்தி வைத்துப் பல மணி நேரம் காத்திருந்தே செருக வேண்டும்.

செருகினேன். சுவிட்சை அணைத்து, செருகி, பிறகு போட்டேன். கதவைத் திறந்ததும் புது விளக்கு எரிந்தது. உள்வெப்பம் 4 டிகிரிக்கு இறங்க இரவு முழுவதும் ஆயிற்று; அதுவரை உணவை உள்ளே அடுக்கவில்லை.

இனி நீண்ட நாள் வெளியூர் போகும்போதும் இதே முறைதான்: காலி செய்து துடைத்து, பிளக்கை எடுத்து, பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கதவை ஒரு விரற்கடை திறந்தபடி கட்டிவைப்பது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தக் கட்டு உறுதியாக இருக்க வேண்டும், குழந்தை உள்ளே புகும் அளவுக்குக் கதவு திறக்கவே கூடாது.

சாக்கெட்டின் இடத்தையும் மாற்றச் சொன்னேன். இப்போது அது ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், தோள் உயரத்தில் இருக்கிறது. பிளக்கைப் பார்க்கவோ எடுக்கவோ பெட்டியை நகர்த்த வேண்டியதில்லை. மின்பணியாளர் கிளம்பும் முன் வீட்டிலிருந்த மற்றச் சாக்கெட்டுகளையும் சுவிட்சை அணைத்துவைத்து ஃபேஸ்–எர்த் அளந்துவிடலாம் என்று கேட்டுக்கொண்டேன். பதினொன்றில் இன்னும் ஒன்று அதே போல் 230 காட்டியது. அது சலவை இயந்திரத்தின் சாக்கெட்.